புள்ளி வட்டம்

வெள்ளிக்கிழமை, ரூவி.
ஜும்மா முடிந்து கார்கள் கலைகிற நேரம்.
இரவல் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடியில்
நானும் ஒரு ஸ்மார்ட் போர்டும்.

மற்ற நாட்களில் நான்
ஏசி டக்ட் போடும் கம்பெனியில் சம்பளக் கணக்கு.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
ஓவர்டைம் மணி எண்ணுகிறவள்.
அடுத்த டெர்மிலிருந்து
மூன்றாம் நிலைத் தமிழ் எனக்கென்று
கமிட்டியில் முடிவானது.
"குரல் நல்லா இருக்கு" என்றார்கள்.
போர்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெட்டியில் வந்த பேனாவில் மை கிடையாது.
உதறிப் பார்த்தேன்; பழக்கம்.
திரையில் தோன்றும் கூட்டல் குறிகளை
ஒவ்வொன்றாய்த் தொட வேண்டுமாம்.
என் கை எங்கே இருக்கிறதென்று
அப்போதுதான் அதற்குத் தெரியுமாம்.
தொட்டேன்.
ஆனாலும் நான் எழுதுவது
இரண்டு விரற்கடை தள்ளியே விழுந்தது,
பக்கத்து பெஞ்சில் யாரோ
என்னைப் பார்த்துக் காப்பி அடிப்பது போல.

மெனு முழுக்க அரபி.
வார நாட்களில் இந்த அறை நூரா மிஸ்ஸுடையது;
மேசைக் கண்ணாடியின் கீழே அவர் டைம்டேபிள்,
வலது ஓரத்திலிருந்து தொடங்குகிறது.
சேமிக்கும் பொத்தான் என்று நம்பி அழுத்தினேன்.
உயிரெழுத்து பன்னிரண்டும்
சத்தமில்லாமல் போயின.

கையெழுத்தை அச்சாக்கும் வசதியிடம்
ழ எழுதிக் காட்டினேன்.
மூன்று என்றது.
நிதானமாய், சுழித்து, இன்னொரு முறை.
டாலர் என்றது.
சம்பளக் கணக்கு வாசனை
கையை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

வீட்டில் தட்டச்சு செய்து வந்த 'கொடு'
இங்கே பிரிந்து கிடந்தது.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
இடையில் புள்ளிகளால் ஆன ஒரு வெற்று வட்டம்.
வருகைப் பதிவேட்டில்
ஊருக்குப் போனவன் பெயருக்கு நேரே
நான் போடுகிற அதே வட்டம்.

கீழ்த்தளத்திலிருந்து ஹிலால் வந்தான்.
இருபத்திரண்டு வயது, காதில் ஒற்றை இயர்பட்.
ஃபாண்ட் இறங்கும்வரை
திரையையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டான்:
"கொம்பின் சத்தம் பிறகுதானே வருகிறது,
ஏன் அதை முன்னால் எழுதுகிறீர்கள்?"
முப்பது வருஷமாய்த் தமிழ் எழுதுகிறேன்.
எங்கள் வழக்கம், என்றேன்.
எங்கள் ஃபைல் இது, வேறு காப்பி இல்லை
என்று சொல்லும் அதே குரலில்.
தலையாட்டினான். நம்பவில்லை.

அவன் கரக் சாயா குடிக்கப் போனதும்
காமிராவைத் திருப்பினேன்.
இருபத்திநான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளை
உட்காரச் சொன்னேன்.
பேசாதே என்று ஒன்றை அதட்டினேன்.
பிறகு பாடம்.
லகரம், ளகரம், ழகரம்.
வாழை, வாளை, வாலை.
நாக்கை மடித்து, மேலே தொட்டும் தொடாமலும்,
காமிராவுக்கு வெகு அருகில் வாயைக் கொண்டுபோய்,
பார்ப்பதற்கு யாருமில்லை என்ற தைரியத்தில்.

இருபது நிமிஷம்.

"மிஸ்."
போர்டுதான் பேசியதோ என்று துள்ளினேன்.
மூலையில் தபால்தலை அளவு ஒரு முகம்.
சோஹாரிலிருந்து ஜெனிலா, ஒன்பது வயது.
புதன்கிழமைக்கென்று அனுப்பிய லிங்க்
இன்றைக்கே திறந்துகொண்டிருக்கிறது.

"மிஸ், நீங்க ம்யூட்ல இருக்கீங்க."

எவ்வளவு நேரமாய் என்று கேட்டேன்.
அதுவும் ம்யூட்டில்தான்.
புரிந்துகொண்டாள்.
"மொதல்லேர்ந்தே.
நாக்கு எங்க போகுதுன்னு பாத்துட்டிருந்தேன்."
பிறகு, நான் கேட்காமலே,
வாழை, என்றாள்.
பாதி ள, பாதி ழ;
வழுக்கி வழுக்கி
கடைசியில் எப்படியோ ஏறி நின்றது.

சபாஷ் சொல்ல வேண்டும், சத்தமாக.
மைக் எங்கே? வலது பக்கமா, இடது பக்கமா?
சிவப்பாய் ஒன்று இருந்தது.
அழுத்தினேன்.

வகுப்பு முடிந்தது.
அணைந்த திரையில் என் முகம்,
நாக்கு இன்னும் இறங்காமல்.