வெட்டுப்பல்

புந்தா அரேனாசில் தெருமுனைகளில்
கயிறு கட்டியிருக்கிறார்கள்,
காற்று நாளில் பிடித்துக்கொண்டு நடக்க.
பல் டாக்டர் நெவென்காவிடம் போகிறவர்கள்
அந்தக் கயிற்றை விட மனமில்லாமல்தான் விடுகிறார்கள்.

காத்திருப்பு அறையில் மீன்தொட்டி கிடையாது.
ஒரு பியானோ.
கம்பளி விலை ஏறிக்கிடந்த காலத்தில்
ஹாம்பர்க்கில் கப்பலேறியது.
எண்பத்தைந்து கட்டை. வெள்ளை ஐம்பது.
ஐம்பதும் தந்தம்.

யானைக்குக் கொம்பு என்று சொல்லிப்பாருங்கள்,
டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திருத்துவார்:
கொம்பில்லை. மேல்தாடை. இரண்டாம் வெட்டுப்பல்.
ஆக, இதுவும் என் கேஸ்தான்.

திங்கட்கிழமை, முதல் நோயாளி வருமுன்
பஞ்சை நனைத்து, பிழிந்து, இன்னொருமுறை பிழிந்து
ஈரம் மிச்சமா என்று உதட்டில் வைத்துப் பார்க்கிறார்.
உள்ளிருந்து விளிம்புக்கு ஒரே இழுப்பு.
பக்கவாட்டில் தேய்த்தால்
அழுக்கு இடுக்கில் போய்க் குடியேறும்.
உடனே உலர்துணி. அதன்பின்தான் அடுத்த கட்டை.
தண்ணீர் தங்கினால் பசை விட்டுப்போகும்,
ஈறு விட்ட பல் மாதிரி.

வெளுக்கும் மருந்து அலமாரி நிறைய.
"உங்களிடம் இல்லாததா?" என்றார் வங்கி மேலாளர்.
மஞ்சள் ஒரு நோயில்லை என்றார் டாக்டர்.
மூடிவைத்தால் கூடும், அவ்வளவுதான்.
அதனால் மூடி எப்போதும் திறந்தே,
முகம் வடக்கு ஜன்னலுக்கு.
அங்கே சூரியன் வடக்கில் நடக்கும்.
ஜூனில் ஏழு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.
அந்த வெயிலும் மரத்தில் படாமல்
பல்லில் மட்டும் படும்படி
திரைச்சீலை அரைமுழம் விலகியிருக்கும்.

ஒரு லாரி டிரைவர்
பாதி மரத்த வாயோடு வெளியே வந்து
ஒற்றை விரலால் நாலு சுரம் தட்டிவிட்டுத்தான் பில் கட்டுவார்.
நடுக்கட்டைகளில் தந்தம் குழிந்திருக்கிறது.
எத்தனை பேருடைய பயம்.

ஆகஸ்டில் ஒரு ஃபா மொட்டையாக நின்றது.
முன்துண்டு காணோம், வால்துண்டு மட்டும்.
நாற்காலி மெத்தைக்குள் கைவிட்டுத் துழாவினார்.
குப்பைப் பையைக் கொட்டிக் கிளறினார்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
அழுத்திப் பார்த்தார்:
வெறும் மரம், அதே ஃபா,
ழகரம்கூடப் பிசகவில்லை.

ஒன்பதாம் நாள் அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் ஒரு பெண்.
மீன் ஆலையில் இரவு ஷிப்ட். கையில் தீப்பெட்டி.
பெயர் எலியானா.
சிரிக்காதீர்கள், அங்கே நல்ல பெயர்.
முதுகுக்குப் பின்னால் ஆறு வயதுப் பையன்,
மேல்வரிசையில் இரண்டு ஓட்டை.

அந்த ஊரில் விழுந்த பல்லைத் தலையணைக்கடியில் வைத்தால்
ராத்திரி எலி வந்து எடுத்துக்கொண்டு காசு வைக்கும்.
பையன் பார்த்த பல்லிலேயே இதுதான் பெரியது.
எலி, பாவம், வேலை முடிந்து வந்த அசதியில்
இருட்டில் தடவிப்பார்த்து
நூறு பெசோ வைத்துவிட்டது.
வெளிச்சத்தில்தான் எலிக்குக் கை நடுங்கியிருக்கிறது.
வந்து சொல்ல இன்னும் எட்டு நாள்.

டாக்டர் தீப்பெட்டியை விளக்குக்கடியில் பிடித்தார்.
எல்லா வாயையும் பார்க்கிற அதே முகம்.
சொத்தை இல்லை என்றார்.

மதியம் தோல்பசை காய்ச்சினார்,
சுண்ணத்தூள் ஒரு சிட்டிகை,
இல்லாவிட்டால் மரத்தின் கறுப்பு மேலே தெரியும்.
பல் சிமெண்ட் கைக்கெட்டும் தூரத்தில். தொடவில்லை.
அது பிடித்தால் விடாது.
நாளை யாரோ கழற்ற வேண்டிவந்தால்
விட்டுக்கொடுக்கிற பசைதான் வேண்டும்.
வெதுவெதுப்பாய் ஒரு பித்தளைத் தகடு,
இடுக்கி, ஒரு ராத்திரி.

காசையும் கொண்டுவந்திருந்தான் பையன்.
பியானோவின் காசு என்று நீட்டினான்.
யாரும் வாங்காததால்
பியானோ தலைமேல் வைத்துவிட்டுப் போனான்.
எப்போதோ அது உள்ளே விழுந்துவிட்டது.
இப்போது கீழ்வரிசை ரே அழுத்தினால்
எங்கிருந்தோ ஒரு ங்ங்.

சாந்தியாகோவிலிருந்து வருஷத்துக்கொருமுறை வரும் டியூனர்
டார்ச்சோடு குனிந்து கேட்டார்:
எடுத்துவிடட்டுமா?

உள்ளறையிலிருந்து டாக்டரின் குரல்:
இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க.