முக்கால் டாங்க்

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து, அதன் மேல்
காற்று மட்டும் போய்வரும் மாதம்.
காலை ஏழரைக்கு முதல் வண்டி:
சாம்பல் நிற செடான், ஒன்பது வயது,
கதவோரமெல்லாம் சாலை உப்பு பூத்திருந்தது.
ஓட்டி வந்தவள் மார்லிஸ் ஹாக்லண்ட்.
கையில் கடிதம்,
மடிப்புகள் கிழியும் அளவுக்குப் படித்தது.

எனக்கு அது மனப்பாடம்.
இந்த வாரம் மட்டும் பதினாறு பேர் நீட்டிவிட்டார்கள்.
'எரிபொருள் பம்பின் மேல்மூடியில் விரிசல் ஏற்படக்கூடும்.
பெட்ரோல் கசியக்கூடும்.
அருகில் பொறியிருந்தால் தீப்பற்றக்கூடும்.'
கூடும், கூடும், கூடும்.
வக்கீல்கள் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும்
கையுறை மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

'பழுது நீங்கும்வரை முக்கால் டாங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்.
வீட்டையொட்டிய கராஜில் நிறுத்த வேண்டாம்.'
கடிதம் வந்தது அக்டோபரில்.
பாகம் வந்தது நேற்று.
நடுவே நான்கு மாதம்
கராஜ் காலி, வண்டி பனியில்.
விடியுமுன் எழுந்து
மண்வெட்டியால் தோண்டி எடுத்திருக்கிறாள் அதை,
பள்ளிக்கு நேரமாகுமுன்.

"இரண்டு வருடமாகச் சொல்கிறேன்" என்றாள்.
குரலை உயர்த்தவில்லை.
கணவர் கர்ட்டிஸ் சொன்னாராம்,
உன் மூக்குக்கு வேறு வேலையில்லை என்று.
பிறகு சொன்னாராம், பக்கத்து வீட்டுப் பனியள்ளும் எந்திரம் என்று.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
ஜன்னலை மட்டும் ஏற்றிவிடுவாராம்.
"இதே கவுண்டரிலும் சொன்னேன். மூன்று முறை."

எங்களுடையது சின்ன டீலர்ஷிப்.
கவுண்டரிலும் நானே, வண்டிக்கடியிலும் நானே.
கணினியைத் தட்டினேன்.
மூன்று தேதிகள். மூன்றுக்கும் ஒரே வாக்கியம்:
'பெட்ரோல் வாசனை என்கிறார். கண்டறிய முடியவில்லை.'
மூன்றாவதன் கீழே எல்.ஓ.
அது நான்.

பின்னிருக்கையிலிருந்து
குழந்தை சீட்டுகள் இரண்டையும் கழற்றினேன்.
மெத்தையைத் தூக்கினேன்.
ஒற்றைக் கையுறை, ஊதா க்ரேயான்,
கல்லாகிவிட்ட ஒரு திராட்சை.
அதற்கும் கீழே தகரமூடி, நான்கு திருகு.
அதற்கும் கீழே டாங்க்.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்று
அம்மாக்களைச் சொல்வதுண்டு.
இந்த வண்டி அதைக் கட்டிக்கொண்டிருந்தது
இரண்டு பிள்ளைகள் உட்காரும் இடத்தில்,
பெல்ட் போட்டு, பத்திரமாக.

மூடியைத் திறந்ததுமே அடித்தது.
விரிசல் ஒரு கண்ணிமை நீளம்.
நகத்தால் வருடினால்தான் தெரிந்தது.
நிரம்பினால் மட்டும் ஊறும்; பாதியில் வாய் திறக்காது.
அவள் சம்பளத்தன்று நிரப்புவாள்.
இங்கே வந்த மூன்று நாளும்
முள் காலுக்குக் கீழே கிடந்தது;
அதுவும் பதிவேட்டில் இருக்கிறது,
என் கையெழுத்துக்கு மேலே.

பழைய பாகத்தைப் பார்க்கலாமா என்றாள்.
கம்பெனிக்குத் திருப்பியனுப்ப வேண்டும், விதி.
கொண்டுவந்து காட்டினேன்.
அவள் தொடவில்லை.
குனிந்து முகர்ந்தாள்,
பால் திரிந்ததா என்று பார்ப்பதுபோல.
"ம்" என்றாள். அவ்வளவுதான்.
மன்னிப்பு என்று ஏதோ நான் ஆரம்பித்தேன்;
காபி எந்திரம் இரைந்தது;
முடிக்கவில்லை.

ரசீதில் தொகை பூஜ்யம்.
குறிப்பு என்ற கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை.
அதில் அடித்தேன்:
'வாடிக்கையாளர் மூன்று முறை சொன்னார். சரியாகச் சொன்னார்.'
கீழே முழுப்பெயர், லைல் ஓஸ்ட்பி.
அவள் படித்தாள்.
கர்ட்டிஸுக்கு ஒரு நகல் என்றாள்.
பிறகு யோசித்து, இரண்டாகக் கொடு என்றாள்.

சாலைக்கு எதிர்ப்புறம் பெட்ரோல் பங்க்.
கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
குழாய் 'டக்' என்று நின்ற பிறகும்
அவள் ஏறவில்லை.
பின்கதவைத் திறந்துவைத்து,
மைனஸ் பத்தொன்பதில்,
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
நின்றாள், மூச்சை இழுத்து,
விட்டு,
மறுபடி இழுத்து.
அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.
அவள் நகரவில்லை.