நூற்று நான்கு

ரூவியில் அந்த அத்தர் கம்பெனி.
முழுநீளப் படம் கேட்டார்கள்.
நான் ஸ்கோர் ஷீட்டை நீட்டினேன்:
ஒரே பிரேக்கில் நூற்று நான்கு.
"பல்லுக்கு கிளிப் போட்டுக்கலாமே மேடம்"
என்றான் பையன், மரியாதையாகத்தான்.

அரையிறுதியில் என்னிடம் தோற்ற தில்ருக்ஷி
இப்போது பேருந்து நிறுத்தத்தில்
ஆளுயரத்துக்கு நிற்கிறாள்,
கன்னத்தோடு கியூ, கையில் குப்பி.
நேற்று அவளே சொன்னாள்:
"அந்தக் குச்சிக்கு முனையே இல்லை, அக்கா.
விரலில் இருந்த நீலச் சாக்கை
ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள்."

சிரித்தோம்.
டேபிள் வாடகை மணிக்கு இரண்டு ரியால்,
இன்று அவள் கணக்கு.
சிவப்புகளை அடுக்கி முக்கோணத்தை எடுத்தாள்.

கடைசியில் கறுப்பு மட்டும்,
மூலைப் பையிலிருந்து நூலிழை தள்ளி.
குனிகிறேன்.
குறி பார்க்கும்போது உதட்டைக் கடிப்பேன்,
பல் முழுக்கத் தெரியும்.