ஏ மூன்றரை

பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
நான் பல் கட்டும் மேசைக்கு
ஒரு துப்பாக்கி வந்தது.
முழுதாக அல்ல, கட்டை மட்டும்.
குழாயில் ஈயம் ஊற்றி அடைத்து
பொலிஸில் கடிதமும் வாங்கியாயிற்றாம்.
'பல்லுப் புடுங்கின பாம்பு'
என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தார்
பங்களா ஹோட்டல் மனேஜர் ரணவீர.

கன்னம் பதியும் இடத்தில்
வைர வடிவப் பதிப்புகள் பன்னிரண்டு.
மூன்று விழுந்து, குழிதான் மிச்சம்.
நாலாவது
விரல் பட்டதும் ஆடியது,
வலிக்காமல்.

'தந்தம். ஒவ்வொன்றும் ஒரு சிறுத்தைக் கணக்கு,
வாறவங்களுக்கு அப்படித்தான் சொல்றோம்.'
உருப்பெருக்கியை எடுத்தேன்.
ஊசிமுனைக் கறுப்புப் புள்ளிகள்,
ஒருகாலத்தில் இரத்தம் போய்வந்த வழிகள்.
தந்தத்தில் அவை இராது.
'மாட்டெலும்பு, சேர்.'
'யாரும் கண்ணாடி போட்டுப் பார்க்க மாட்டாங்க.'

எவ்வளவு பழசாக வேண்டும் என்று கேட்டேன்.
நூறு வருஷம். புதன்கிழமைக்குள்.

வெந்நீர்ப் பஞ்சை வைத்து
வச்சிரப் பசையை இளகவிட்டு
ஊத்தை சுரண்டும் கொக்கியால்
குழிகளின் மூலைகளைக் கிண்டினேன்.
கறுப்பாக வந்தது:
எண்ணெய், தூசி,
எவனோ ஒருவனின் சவரம் செய்த கன்னத்து வேர்வை.
மெழுகில் அச்செடுத்துப் பார்த்தால்
மூன்றும் மூன்று அளவு.
செதுக்கியவனுக்கு அன்று காய்ச்சலாக இருக்கலாம்.
கூலி குறைவாகவும் இருக்கலாம்.

மெழுகு ஆறுவதற்குள் பெருமாயி வந்துவிட்டார்.
மழைச் சரிவில் கூடையோடு விழுந்து
முன்பல் இரண்டும் போய் ஏழு மாதம்.
இப்போது கமிட்டித் தலைவியாக எடுத்திருக்கிறார்கள்.
வெள்ளிக்கிழமை
தொரைக்கு முன்னால் பேச வேண்டும்.

'சானா சொன்னா காத்துதான் வருது மாஸ்டர்.
நான் பேசப் போறதே
சானாவுல தொடங்குற சமாச்சாரம்.'

மேசையில் கிடந்ததைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
கதிரையை மட்டும்
மறுபக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

'வெள்ளையா வச்சிராதீங்க.
டீவியில செய்தி வாசிக்கிறவ மாதிரி ஆயிரும்.
வெத்தல போட்ட வாய்க்குப் பொருந்தணும்.'

நிறப் பலகையை அவர் உதட்டருகே பிடித்தேன்.
ஏ மூன்றரை.
அவர் போனபின்
மரத்தருகே பிடித்தேன்.
ஏ மூன்றரை.

பிறகென்ன,
ஒரே கிண்ணத்தில் பொடி, ஒரே போத்தல் திரவம்,
ஜன்னலைத் திறந்தாலும் போகாத அதே நாற்றம்.
அவருக்குக் கொஞ்சம், அதற்குக் கொஞ்சம்.
ஒரே சட்டியில் வெந்தன.

மரத்தின் மெருகு கெடாதிருக்க
ஓரமெல்லாம் நாடா ஒட்டி
பதிப்புகளை ஒரு மயிரளவு மேடாகப் பதித்து
காய்ந்ததும் அரத்தால் மட்டம் செய்தேன்.
ஆடிய நாலாவதையும்
அதன் இடத்திலேயே இறுக்கி ஒட்டினேன்.
இருந்தும் புதுசு மூன்றும் இளித்துக்கொண்டு நின்றன.
டஸ்ட் தேயிலையைக் கறுக்கக் காய்ச்சி
இரண்டு இரவு தூரிகையால் பூசினேன்.
நூறு வருஷத்துக்கு
மூன்று கரண்டி போதுமாக இருந்தது.

புதன் காலை ரணவீர தடவிப் பார்த்தார்.
எது புதுசென்று அவருக்குத் தெரியவில்லை.
பேரம் பேசாமல் ஏழாயிரம் எண்ணி வைத்துவிட்டு
பில்லில் 'தந்தம்' என்று எழுதச் சொன்னார்.
யோசித்தேன்.
அகராதியில் தந்தம் என்றால் பல்.
எழுதிக் கொடுத்தேன்.

வியாழன் பின்னேரம், மூடுபனி கடைவாசல்வரை.
பெருமாயிக்குப் பல்லை மாட்டினேன்.
மூன்று தவணை, முதலாவது
கைலேஞ்சி முடிச்சிலிருந்து வந்தது.
கண்ணாடியை நீட்டினேன். வாங்கவில்லை.
வழக்கமாக, சனி, செவ்வாய் என்று
சொல்லிப் பார்க்கச் சொல்வேன்.
அதற்குள் அவரே
சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து,
அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல்,

'சம்பளம்'

என்றார்.

காற்று வரவில்லை.
இன்னும் கொஞ்சம் அரம் போடவா என்று கேட்டேன்.
கையைக் காட்டி நிறுத்தினார்.
'இருங்க மாஸ்டர்,
இன்னொருக்கா சொல்லிக்கிறேன்.'