எட்டாம் எண் கூடாரம்

ஏரித் திருவிழாவில்
எட்டாம் எண் கூடாரம் என் பொறுப்பு.
இறக்கம் தீவிலிருந்து படகேறி வந்த சுத்து வலையை
மூங்கிலில் விரித்துக் கட்டி
அடியில் அட்டை வைத்தேன்:
பாரம்பரிய மீன்பிடி வலை. தொடாதீர்கள்.
மேலே தெலுங்கு, கீழே தமிழ்.
ஆறாம் வகுப்புக் கரும்பலகையில்
தவளையின் இதயத்துக்கு அம்புக்குறி போடுகிற
அதே கையெழுத்து.

பாடு என்பதற்குத் தெலுங்கில் என்ன என்று
முந்தின ராத்திரி தூக்கம் கெட்டது.
சீட்டுக் குலுக்கி
இந்த இடம், இந்த நாள், இந்த வீட்டுக்கு என்று
தண்ணீரைப் பங்கு வைக்கிற கணக்கு அது.
ஜன்னலைச் சாத்திக்கொண்டே வீட்டுக்காரர் சொன்னார்:
"வந்து."
தெலுங்கில் அது முறை. து-வைக் கொஞ்சம் அழுத்தணும்.
தமிழில் அது, வந்து...
சொல்ல வாய் வராதவர்கள் தொடங்குகிற சொல்.
எழுதிவிட்டேன்.

ஒன்பதில் இறால் வடை. எண்ணெய்ப் புகை முழுக்க என் பக்கம்.
மேடையில் அட்டைச் சிறகு கட்டிய முப்பது பிள்ளைகள்
ஒற்றைக் காலில் நின்று நின்று சரிந்தார்கள்.
நிஜப் பூநாரைகள்
ஒலிபெருக்கி இருமிய முதல் இருமலுக்கே
வடக்கே ரெண்டு மைல் தள்ளிப் போய்
ஒரு வெளிர்சிவப்புக் கோடாகிவிட்டிருந்தன.
பத்து ரூபாய் கொடுத்து, தொலைநோக்கியில் கோட்டைப் பார்த்து
"ஆமா, தெரியுது" என்றார்கள் ஜனங்கள்
இறங்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

கலெக்டர் பதினொன்றுக்கு வருவதாக இருந்தது.
பிறகு ரெண்டுக்கு.
பிறகு நாலுக்கு.

மூணே முக்காலுக்கு வந்தவள் சம்பூரணம்.
முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து
சாம்பல் பூசின மாதிரி.
"டீச்சர், வலையக் குடு."

"நாளைக்குச் சாயந்திரம்னு கையெழுத்து இருக்கே."

"அது நேத்து. விடிகாலைல வேம்புலி வீட்ல சாவு.
தீட்டு கழியற வரைக்கும் தண்ணில எறங்க மாட்டாங்க.
அவங்க பாடு எங்களுக்கு மாறிடுச்சு.
அமாவாச இருட்டு, வத்தத் தண்ணி.
கலெக்டர் வர்ற வரைக்கும் எறா நிக்குமா?"

மேசையில் சுற்றறிக்கை இருந்தது.
காட்சிப் பொருளை அகற்றலாகாது,
வட்ட முத்திரை, பச்சை மை.
"வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"வந்துதான்" என்றாள்
து-வை அழுத்தி, அட்டையில் விரல் வைத்து.
எட்டாவது வரை தெலுங்கு மீடியமாம்.
"நீதான எழுதியிருக்க."

பியூன் போட்ட முடிச்சு அவிழவில்லை.
பென்சில் சீவும் பிளேடால் நானே அறுத்தேன்.
ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையிலிருந்து
கை போன போக்கில் மடித்துக்கொண்டே வந்தாள்.
கண்ணிகளுக்குள்ளிருந்து உதிர்ந்தது
யாரோ செருகிப்போன காகிதப் பூ.
துறையில் அவள் புருஷன் கழியூன்றி நின்றிருந்தான்,
எங்கள் பக்கம் பார்க்காமல்,
தண்ணீரை மட்டும் பார்த்து.

கலெக்டர் நாலு பத்துக்கு வந்தார்.
ரெண்டு மூங்கில், அறுந்த சணல், அட்டை.
தொடாதீர்கள் என்பதை வாய்விட்டுப் படித்தார்,
கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
"வலை?"
ஏரியைக் காட்டினேன்.
உளுந்து அளவுக்கு ஒரு படகு.
தாசில்தார் என்னைப் பார்த்த பார்வையை
இன்னும் எங்கும் பதிவு செய்யவில்லை.
கலெக்டர் பார்த்துக்கொண்டே நின்றார்.
தொலைநோக்கிக்காரன் ஓடிவந்து நீட்டினான்.
வேண்டாம் என்று தலையசைத்தார்.
போட்டோக்காரன் கேட்டான்:
"சார், கொஞ்சம் இந்தப் பக்கம்."

மறுநாள் காலை
சொட்டச் சொட்ட வலை திரும்பி வந்தது.
அன்றைக்குக் கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டது,
பிள்ளைகள் மட்டும் பக்கத்தில் வந்து தொட்டார்கள்.
மூன்றாம் பரிசு எங்களுக்கு:
இயல்பான காட்சியமைப்புக்காக
எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

"எவ்வளவு கெடச்சுது?" என்று கேட்டேன்.
"ஏழு கிலோ. ஒரு பாம்பு."
கொட்டாவி விட்டாள்.
"பாம்ப விட்டுட்டோம்."