கார்த்தேஜுக்கு எத்தனை மூடை

ஆனையிறவு உப்பளத்தில்
தராசு எழுதுகிறவள் நான்.
மூடை, லொறி இலக்கம், கையெழுத்து.
இடைவெளி கிடைத்தால் ரோமாபுரி.

கொப்பியின் பின்மட்டையில் ஒருநாள் கணக்குப் போட்டேன்.
வென்ற படை கார்த்தேஜ் மண்ணில் உப்பு விதைத்ததாம்,
இனி ஒரு புல்லும் முளைக்கக் கூடாதென்று.
ஏக்கருக்கு எத்தனை மூடை?
குறைத்துப் போட்டாலும் இருநூறு.
ஊர் முழுக்க என்றால் எத்தனை லொறி,
ஏற்றி இறக்க எத்தனை பேர், கூலி யார் கொடுப்பது?
தராசு எழுதின எவளும்
இந்தக் கதையை நம்பமாட்டாள்.

பிறகுதான் வாசித்தேன்,
அந்தக் காலத்து ஏடு ஒன்றிலும் உப்பு இல்லை.
எத்தனையோ நூற்றாண்டு கழித்து
ருசி போதாதென்று யாரோ
அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

எரித்தது உண்மை.
தப்பினவர்களை வரிசையில் விட்டு எண்ணி
விற்றது உண்மை.
அதற்கு உப்புத் தேவைப்படவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்தது.
இப்படி இட்டவரையுமா என்று கேட்க
அந்தச் சுவர் இப்போது இல்லை.

சனிக்கிழமை இரவில் படம் பார்ப்பேன்.
சீசர் சென்னைத் தமிழில் உறுமுவான்,
வாய் ஒரு பக்கம் போக வார்த்தை பின்னால் வரும்.
தூண், சிலை, படிக்கட்டு எல்லாம் வெள்ளை.
பொய். நீலமும் சிவப்பும் அப்பியிருந்தார்கள்
எங்கள் கோயில் கோபுரம் போல.
மழை கழுவி மிஞ்சியதைப் பார்த்து
ரோமர் வெள்ளையை விரும்பினார்கள் என்று
எழுதிவிட்டார்கள்.

நான் சீசரைப் பார்ப்பதில்லை.
பின்னால் விழுகிறவர்களைப் பார்ப்பேன்.
போன கிழமைப் படத்தில்
தாடி வைத்த ஒருவன் பாலத்தடியில் செத்தான்,
பத்து நிமிஷத்தில் கோட்டை வாசலில் திரும்பவும் செத்தான்.
நிறுத்தி, பின்னுக்கு விட்டு, உறுதிப்படுத்தினேன்.
இரண்டாம் தரம்
கொஞ்சம் நன்றாகச் செத்தான்.

ரோமில் ஒரு தூண் இருக்கிறது,
டேசியரை வென்ற கதை அடியிலிருந்து சுருண்டு ஏறும்.
போனில் இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்ப்பேன்.
பேரரசன் ஐம்பது இடத்துக்கு மேல் நிற்கிறான்.
உச்சியில், முடிகிற இடத்தில்,
மாடும் ஆடும் பிள்ளைகளுமாய்ச் சனம் போகிறது.
மூட்டை சுமந்த ஒருவன்
திரும்பிப் பார்க்கிறான்.
அவ்வளவு உயரத்தில் அவனைச் செதுக்கினால்
கீழே நிற்கிற எவருக்கும் தெரியாது.
செதுக்கினவனுக்குத் தெரியும்.

ஏ ஒன்பதில் பஸ்கள் நினைவுச் சின்னத்தடியில் நிற்கும்,
சனம் இறங்கிப் படம் எடுக்கும், ஏறும்.
நானும் ஒருதரம் இறங்கிச் சுற்றி வந்தேன்.
மூட்டை சுமந்த ஒருவரும் அதில் இல்லை.

பாத்தியில் உப்பு வாருகிற மரியநேசன்
ஒவ்வொரு தவக்காலமும் ரோமச் சிப்பாய்.
பெயின்ற் வாளியை வெட்டித் தலைக்கவசம்,
மேலே சிவப்புச் சாயத்தில் தோய்த்த தும்பு.
கயிற்றால் அடிக்கிறபோது
முன்வரிசைப் பெண்கள் உண்மையாகவே அவனைத் திட்டுவார்கள்.
திரை விழுந்ததும்
யேசுவாய் நின்ற பொடியனிடம்
நோகுதோ என்று கேட்டு, தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பான்.
எந்தப் படத்திலும் இல்லாத ரோமன்.

தும்பு குறுக்கே வரவேண்டும், அது அதிகாரிக்கு,
சாதாரண சிப்பாய்க்கு இப்படி இல்லை என்றேன்.
தலையைச் சொறிந்தான்.
"அதை விடுங்கோ அக்கா.
அவங்களுக்குச் சம்பளம் என்ன மாதிரி?"

உப்பாய்க் கொடுத்ததாகச் சொல்லுவார்கள்,
அதுவும் நிச்சயமில்லை என்றேன்.

"இஞ்சையும் அப்பிடித்தான்" என்றான்.
"போன மாதத்தையது இன்னும் வரேல்லை."

அடுத்த லொறி தராசில் ஏறியது.
இலக்கத்தை எழுதினேன்.