இடக்காது

மே மாத ஊட்டி. மணி பதினொன்று.
குதிரை ராட்டினத்துக்கு இரண்டு வழி.
ஒன்று ரோடு வரை நீண்ட வரிசை.
இன்னொன்று ஒரு சங்கிலி, ஒரு போர்டு,
ஸ்டூலில் நான்.
‘மருத்துவச் சான்று. அசல் மட்டும்.’

தாராபுரத்துக்காரர். கூட ஒரு பெண்,
ஒன்பது வயதிருக்கும். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு
ஜெனரேட்டருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.
கைகால் நன்றாக இருந்தது.
வரிசையில் ஒருத்தி அதைச் சத்தமாகவே சொன்னாள்.

அவர் மஞ்சப்பையைத் திறந்தார்.
கோவை ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கேன் உறை,
‘வேறு பள்ளி பார்த்துக்கொள்ளவும்’ என்ற கடிதம்கூட.
அடியில் அட்டை:
நாலு வயது முகம், அறுபது சதவீதம்,
மார்ச் முப்பத்தொன்று வரை செல்லும்.

ஏப்ரல் ஒன்று காலையில்
தன்விகா குணமாகி எழுந்திருப்பாள் என்று
அட்டை நம்பியிருக்கிறது.

“மூணு தடவ அலைஞ்சேன்மா.
டாக்டர் லீவு, மிஷின் ரிப்பேரு, அப்பறம் எலெக்‌ஷன்.”
அதற்குள் அவள் சங்கிலி வளையங்களை எண்ணத் தொடங்கியிருந்தாள்.
பதினேழில் நிறுத்தி
மறுபடி ஒன்றிலிருந்து.

வாக்கி-டாக்கியில் கேட்டேன்.
சூப்பர்வைசர் பெள்ளிராஜ்:
“தேதி முடிஞ்சிருச்சா? அப்ப...”
கருவியை இடப்பக்கம் மாற்றினேன்.

என் இடக்காது
ஆறு வயதில், கொலக்கம்பை லைன் வீட்டில்
சீழ் பிடித்து, அதோடு போனது.
வேலைக்குச் சேரும்போது யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

அந்தக் காதுக்குள் அவர் நீளமாக என்னவோ பேசினார்.
அதிர்வு மட்டும் கன்னத்தில் தெரிந்தது.
சங்கிலியைக் கழற்றினேன்.

தன்விகா ஏறவில்லை.
ஒரு குதிரையின் கழுத்தில் உள்ளங்கையை வைத்து
பெயிண்ட் உரிந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தாள்,
மணி அடிக்கும்வரை.
கிழிக்காத டிக்கெட்டை அப்பா
அந்தப் பைக்குள்ளேயே பத்திரப்படுத்தினார்.

சாயங்காலம் பெள்ளிராஜ் கூப்பிட்டார்.
“விடாதேன்னு நாலு தரம் சொன்னேன்.”
“இந்தக் காது கேக்காது சார்.”
மேலும் கீழும் பார்த்தார்.
பேசுறே, சிரிக்கிறே,
மூணு சீசனா வேலை பாக்குறே.
“நெசம்னா சர்டிபிகேட் கொண்டா.”

குன்னூர் பஸ்ஸில்
வலக்காதை ஜன்னலோடு சாய்த்துக்கொண்டேன்.
கேத்தி, அரவங்காடு, எல்லாம் வாயசைத்துக்கொண்டே போயின.

விசாரித்துவிட்டேன்.
காது டாக்டர் செவ்வாய், வெள்ளி மட்டும்.
எனக்கு லீவு புதன்.